மணிக்கூண்டில் பதினோராவது ஆள்

என் அண்ணி உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்ததே இல்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்புக்கும் வாசலுக்கும் நடுவே நடந்தபடியேதான் அவருக்குச் சாப்பாடு. இடையில் போனில் யாருக்கோ வழி சொல்வார், நூலுக்கு மெழுகு தீர்ந்துவிட்டது என்று அண்ணனிடம் கத்துவார், அப்படியே எதிர்ச் சாரியில் இருக்கும் என் கடையைப் பார்த்து, "தம்பி, இன்னிக்குப் பதினொண்ணு" என்று குரல் கொடுப்பார். பதினோரு வரைபடம் நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று அதற்குப் பொருள். எதிரே நகல் கடை வைத்திருக்கிற ஒரே பாவத்துக்காக, அவருடைய இரண்டு தொழிலுக்கும் நான் சம்பளமில்லாத சிப்பந்தி.

முதல் தொழில் செருப்பு. ஆளின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து, அந்தக் காலுக்கென்றே கையால் செய்கிற தோல் செருப்பு. அண்ணன் தோல் வெட்டுவான், அண்ணி வார் தைப்பார். இரண்டாவது தொழில், வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது. துறைமுகத்தில் பயணிகள் கப்பல் நிற்கத் தொடங்கிய பிறகு, எங்கள் பழைய தெருக்களில் வழி தெரியாமல் திரிகிறவர்கள் கூடிப்போனார்கள். எல்லாக் கடைக்காரர்களும் கையை நீட்டி வழி காட்டினார்கள். அண்ணி மட்டும் கையிலிருந்த குத்தூசியைப் போட்டுவிட்டுக் கூடவே நடந்துபோய் விட்டுவிட்டு வந்தார். இப்படிப் போகிறதையே ஒரு தொழிலாக்கினால் என்ன என்று அவருக்குத் தோன்ற இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

இரண்டையும் அவர் முடிச்சுப் போட்ட விதத்தை மட்டும் நான் மெச்சத்தான் வேண்டும். காலை ஒன்பதரைக்கு எல்லாரும் கடைக்கு வந்துவிட வேண்டும். செருப்பு வேண்டுமென்கிறவர்களின் பாதத்தை வரைந்துகொள்வார். எல்லா அளவிலும் அடித்தோல் தைத்துத் தயாராக இருக்கும். ஓரத்தைச் சீவி, வாரை அந்தக் காலுக்கு இழுத்துப் பொருத்தி, பசை காய வைப்பது மட்டும்தான் மிச்சம். அந்த இரண்டரை மணி நேரத்தில் அண்ணி அவர்களை மீன் சந்தை, பழைய சுங்கச்சாவடி, மணிக்கூண்டு என்று சுற்றிக் கூட்டிவருவார். திரும்பும்போது செருப்பு மேசைமேல் இருக்கும். அண்ணனுக்கு நேரம் போதாவிட்டால் போனில் ஒரே ஒரு மணி அடித்துவிட்டு வைத்துவிடுவான். உடனே இல்லாத சந்துக்கெல்லாம் வரலாறு முளைத்துவிடும். ஒரு முறை ஐஸ் கிடங்கின் பின்சுவரைக் காட்டி அண்ணி கால் மணி நேரம் பேசினாராம். அந்தச் சுவரைக் கட்டின கொத்தனாரே இன்னும் உயிரோடு இருக்கிறார்.

அண்ணிக்கு முகம் மனதில் நிற்காது. நேற்று வந்தவரை இன்று தெருவில் பார்த்தால் விழிப்பார். கால் மட்டும் மறக்காது. "சுண்டுவிரல் மடங்கினவரு", "குதிகால் அகலமா இருக்குமே அந்தம்மா" என்றுதான் அவருடைய கணக்கு. ஆள் எண்ணுவதும் அப்படித்தான். மணிக்கூண்டின் மரப்படி தேய்கிறதென்று காவலாளி எல்லாரையும் கீழேயே செருப்பைக் கழற்றி ஒரு மர அடுக்கில் வைக்கச் சொல்வார். இறங்கி வந்ததும் அண்ணி தலையை எண்ண மாட்டார், அடுக்கைப் பார்ப்பார். அடுக்கு காலியாக இருந்தால் எல்லாரும் இறங்கியாயிற்று. அவரும் கிளம்புவார், காவலாளியும் கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போய், மறுபடி நாலரைக்குத்தான் வருவார்.

இதற்கெல்லாம் சுற்றுலா அலுவலகத்தின் அனுமதி வேண்டும். முதல் ஆறு மாதத்துக்குத் தற்காலிக அனுமதி தருவார்கள். அதற்குள் ஒரு புகார் வந்தாலும் பிடுங்கிவிடுவார்கள். வராவிட்டால் நிரந்தரம். அண்ணிக்கு இன்னும் எட்டு நாள்தான் பாக்கி இருந்தது. அந்த எட்டு நாளும் அவர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல் பறந்தார். ஒரு நாள் நான் தாங்காமல், எதற்கு இந்தப் பாடு, செருப்பை மட்டும் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். "உள்ளயே உக்காந்து தச்சா எனக்கு மூச்சு முட்டுது தம்பி. வெளிய மட்டுமே சுத்தினா கை நமநமங்குது. ரெண்டும் வேணும் எனக்கு" என்றார். ஆசைப்பட்டுச் சொன்னாரா, மன்னிப்புக் கேட்டுச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அண்ணன் நேர் எதிர். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். எங்கள் தெருமுனையைத் தாண்டி அவன் போக வேண்டுமென்றால் யாராவது செத்திருக்க வேண்டும். அண்ணியின் ஊர்சுற்றலுக்கு அவன் குறுக்கே நின்றதில்லை. மூன்று மணிக்கு இரண்டாவது கூட்டம் வந்தால் ஒன்றும் சொல்லாமல் மறுபடி கத்தியைத் தீட்டுவான். அன்று காலை மட்டும், மதியத்துக்கு மேல் யாரையும் சேர்க்காதே, வீட்டில் இரு, இரண்டு பேரும் உட்கார்ந்து பாக்கி வாரையெல்லாம் தைத்து முடிப்போம் என்று கேட்டான். அவன் வாயைத் திறந்து கேட்டதே அதிசயம். அண்ணி சரி என்றார்.

அன்றைய பதினோரு பேரில் ஒருவர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். உயரமாக, சற்றுக் காது மந்தமாக, தனியாக வந்திருந்தார். செருப்பு கேட்ட மற்றவர்களுக்கு இனிமேல்தான். அவர் முதல் நாளே கடைக்கு வந்து செய்து வாங்கிவிட்டார். போட்டு நடந்து பார்த்தவருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் என் கால் இருப்பதே எனக்குத் தெரியாத மாதிரி ஒரு செருப்பு கிடைத்ததில்லை என்றார். அண்ணி பெருமை தாங்காமல் வழக்கமான வேடிக்கையை எடுத்துவிட்டார்.

"கழட்டி எங்கயும் வெச்சிடாதீங்க ஐயா. என் செருப்பு மேல இந்த ஊருக்கே கண்ணு."

பன்னிரண்டரைக்கு அண்ணி கூட்டத்தோடு திரும்பினார். மேசைமேல் ஐந்து ஜோடி இருந்தது, ஐந்து பேர் போட்டுக்கொண்டார்கள். ஜோடி எதுவும் மிஞ்சவில்லை. கடைசியில் ஆளுக்கு ஒரு வரைபடம் கொடுத்து அனுப்புவது வழக்கம். எல்லாரும் போன பிறகு பார்த்தால் ஒரு வரைபடம் மேசையில் கிடந்தது.

பிறகு நடந்ததை அண்ணியே என்னிடம் சொன்னார். அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாராம். ஒண்ணு மிச்சமிருக்கே என்றாராம். அண்ணன் தலையைத் தூக்காமல், யாராவது வேண்டாமென்று விட்டுப் போயிருப்பார்கள், உட்கார் என்றான். ரயில்காரர் மூன்று மணி வண்டிக்குப் போக வேண்டுமென்று சொன்னது அண்ணிக்கு ஞாபகம் வந்தது. மணிக்கூண்டிலிருந்தே நேராக நிலையத்துக்குப் போயிருப்பார். அடுக்குத்தான் காலியாக இருந்ததே. அண்ணி உட்கார்ந்தார்.

உட்கார்ந்தாரே ஒழிய இருப்புக் கொள்ளவில்லை. நான் இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். ஒரு வாரைத் தைத்துப் பிரித்து மறுபடி தைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் எடுக்க எழுந்து, எடுக்காமலே வந்து உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எந்நேரமும் துடித்துக்கொண்டிருக்கிறவர் இன்னொரு நாள் துடித்தால் யார் கண்டுகொள்வார்கள்? ஒரு மத்தியானம் வீட்டில் இருப்பதற்கு இந்தப் பாடா என்று நினைத்துக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

மூன்று மணிக்கு நான் அங்கே போனபோது அந்தத் தாள் கண்ணில் பட்டது. நான் ஒன்று கூட, ஒன்று குறைய அடிக்கிறவன் இல்லை, யார் வாங்காமல் போனது என்று சும்மா கேட்டு வைத்தேன். அண்ணி என்னைப் பார்த்தார். "அந்த ரயில்காரரு படியிறங்குற கால நான் பாக்கல தம்பி" என்றார். அவ்வளவுதான், ஓட ஆரம்பித்துவிட்டார்.

நான் பின்னால் ஓடினேன். காவலாளி வீட்டில் இல்லை. மகளைப் பார்க்கப் போயிருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொல்ல, அங்கே ஓடி, அவரை எழுப்பி, சாவியோடு மணிக்கூண்டுக்கு வந்து சேர நாலாகிவிட்டது. கதவைத் திறந்தால் முதல் படியிலேயே ரயில்காரர் உட்கார்ந்திருந்தார். கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. எதிரே பஸ் நிறுத்தத்தின் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? படம் எடுத்து எடுத்துப் போனில் சார்ஜும் தீர்ந்திருந்தது. மணிக்கூண்டின் மேலே, பால்கனியின் மறுபக்கத்தில் கப்பலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தவருக்குக் காவலாளி கூப்பிட்டது காதில் விழவில்லை.

அண்ணி தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கொடுத்தார். அவர் வாங்கிக் குடித்த வேகத்தில் சட்டையெல்லாம் நனைந்தது.

"ஆள எண்ணிப் பாக்க மாட்டீங்களாம்மா?"

"செருப்ப எண்ணினேன் ஐயா. அடுக்குல ஒண்ணுமில்ல."

அவர் தோள்பையைத் திறந்தார். அண்ணி செய்த செருப்பு செய்தித்தாளில் சுற்றி உள்ளே இருந்தது.

"நீங்கதானம்மா சொன்னீங்க, கழட்டி எங்கயும் வெக்காதீங்கன்னு."

கிடங்குச் சுவருக்கே கதை சொல்கிறவர் அந்தக் கதவோரம் வாயைத் திறக்காமல் நின்றதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

ரயில்காரரை நிலையத்துக்குக் கூட்டிப்போய் இரவு வண்டிக்குச் சீட்டை மாற்றிக் கொடுத்து, வண்டி கிளம்பும்வரை அண்ணி கூடவே இருந்தார். புகார் கொடுப்பேன் என்றும் அவர் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. காவலாளி என்னிடம் வந்து, பதிவேட்டில் நான் ஒன்றும் எழுதப்போவதில்லை, நீங்களும் வாயைத் திறக்காதீர்கள் என்று கிசுகிசுத்தார். மாட்டினால் அவர் வேலையும்தான் போகும். விஷயத்தை அப்படியே அமுக்கிவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. எட்டு நாள்தானே. அண்ணியிடம் சொல்லியும் பார்த்தேன்.

"அந்த மனுஷன் புகார் குடுப்பாரா மாட்டாரான்னு எட்டு நாள் பயந்துகிட்டு என்னால நடக்க முடியாது தம்பி. நானே போய்ச் சொல்லிடறேன். நீ எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். காவலாளி கூப்பிட்டதையும், அடுக்கைப் பார்த்துக் கிளம்பலாம் என்று தானே சொன்னதையும் எழுதச் சொன்னார். மறுநாள் காலை நாங்கள் இருவரும் கிளம்பும்போது அண்ணன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, கடைக் கதவைச் சாத்தினான். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவன் பின்னாலேயே வந்தான்.

சுற்றுலா அலுவலகம் இரண்டாவது மாடியில். அதிகாரி ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். கடிதத்தை நிறுத்தி நிதானமாகப் படித்தார். ஆள் குறைவது எப்போது தெரிந்தது என்று கேட்டார். மூன்று மணிக்கு என்றார் அண்ணி. கடிதத்திலும் நான் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

"ஒரு மணிக்கு" என்றான் அண்ணன்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் அலுவலகங்களில் பேசிப் பழகினவன் இல்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"ஒரு மணிக்கே எழுந்துட்டா மேடம். தாள கையில வெச்சுக்கிட்டு எங்கிட்ட கேட்டா. நான்தான் உக்காருன்னேன். அந்த ரெண்டு மணி நேரத்த என் பேர்ல எழுதிக்குங்க."

கணவர் பெயரை எழுத இந்தப் படிவத்தில் இடமில்லை என்றார் அதிகாரி. கேலியாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே இடம் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். பிறகு உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு அரை மணி கழித்து வந்தார். அனுமதியைப் பிடுங்கவில்லை. ஆனால் கழிந்த மாதங்கள் கணக்கில் இல்லை. இன்றிலிருந்து மறுபடி ஆறு மாதம். இனிமேல் ஒவ்வொரு இடத்திலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ண வேண்டும். இன்னொரு தடவை நடந்தால் பேச்சே கிடையாது.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பரவாயில்லை, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்கவில்லையே என்று திரும்பினால், அண்ணி நடுப்படியில் நின்று அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க? யாரோ வேண்டாம்னு விட்டுட்டுப் போயிருப்பாங்கன்னு நெனச்சுத்தானே உக்காரச் சொன்னீங்க?"

அண்ணன் கைப்பிடிச் சுவரைத் தடவினான்.

"இல்ல. நீ எழுந்த விதத்துலயே ஏதோ தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா? ஆனா நீ போயிட்டா அன்னிக்கும் வரமாட்டே. ஒரு மத்தியானம் நீ எம் பக்கத்துல இருக்கணும்னு தோணுச்சு."

"அங்க ஒரு மனுஷன் தண்ணியில்லாமக் கெடந்தாருங்க."

"தெரியும்" என்றான் அண்ணன்.

அண்ணி அவனைத் தாண்டி, என்னையும் தாண்டி, கீழே இறங்கித் தெருவில் நடந்தார். ஓடவில்லை. ஆனாலும் எங்கள் இருவராலும் எட்டிப் பிடிக்க முடியவில்லை. அண்ணன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. திட்டுவதற்காகத் திரும்பினேன். அவனோ தெருமுனையில் அவர் திரும்பி மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னால் திட்ட முடியவில்லை.