வடிவேலுவின் இடுப்புக் கயிறு

பர்மாவில், தாமுவே ஏரிக்கரையில் வடிவேலுவைத் தெரியாதவர் கிடையாது. துரைமார் அதை ராயல் லேக் என்பார்கள்; எங்களுக்குத் தாமுவே ஏரிதான். கரையோரம் எனக்கொரு தேத்தண்ணீர்க் கடை இருந்தது. உதுமான் கடைத் தேத்தண்ணீர் வெறும் சுடுதண்ணீர் என்று குறை சொல்லுகிறவனும் மறுநாள் அங்கேதான் வந்து நிற்பான். அது கிடக்கட்டும், வடிவேலுவைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

ஏரியை மூடிக்கொண்டு வளரும் ஆகாயத் தாமரையை வாரி எடுப்பது அவன் வேலை. பர்மாக்காரர்கள் அதைப் பேடா என்பார்கள். ஊதாப் பூ பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் சனியன், இன்றைக்கு வாரிய இடத்தில் நாலாம் நாள் மறுபடி தலைகாட்டும். தட்டைப் படகில் நின்று நீளக் கொக்கியால் இழுத்துப் போட்டு, படகு நிறைந்ததும் கரையில் கொண்டுவந்து கொட்டவேண்டும். பசுந்தாங் அரிசி மில்லில் தூசி ஒத்துக்கொள்ளாமல் இந்த வேலைக்கு வந்தவன் வடிவேலு. வந்த வேகத்தில் கூட்டத்துக்கே அண்ணனாகிவிட்டான். எல்லாம் அந்த வாயால்தான்.

"கடலையே நீந்தி வந்திருப்பேன் பாய். டிக்கெட் எடுத்துட்டாங்களேன்னு கப்பல்ல ஏறினேன்" என்பான்.

படகில் ஏறியதும் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் படகில் முடிச்சுப் போடுவான். ஏன் என்று கேட்டால், "படகு நழுவக்கூடாது பாரு, இதெல்லாம் தொழில் சூட்சுமம்" என்பான். அவனைப் பார்த்து மற்ற ஆட்களும் கட்டிக்கொண்டார்கள்.

அவன் பெண்சாதி தங்கமணி. காலையில் அவனோடு கிளம்பி வந்துவிடுவாள். கரையில் ஒரு தூங்குமூஞ்சி மரம்; அதன் அடியில் மூன்று கல்லைக் கூட்டிச் சோறு பொங்குவாள், கீரை ஆய்வாள், கிழிசல் தைப்பாள். கை எதைச் செய்தாலும் கண் ஏரியின் மேலேயே இருக்கும். அவன் படகைக் கட்டிவிட்டுக் கரை ஏறும்வரை இடத்தைவிட்டு அசையமாட்டாள். புருஷனை முந்தானையில் முடிந்துவைத்திருக்கிறாள் என்று கரையெல்லாம் கேலி. அவன் கள்ளுக்கடைப் பக்கம் ஒதுங்கிவிடாமல் காவல் இருக்கிறாள் என்று நான் நினைத்தேன். என் வாய்தான் சும்மா இருக்காதே, ஒரு நாள் கேட்டும் விட்டேன்.

"வீட்டுல காத்தே வரலண்ணே" என்றாள்.

இருபத்தாறாம் வருஷம் ஏரி வேலை ஆட்கள் மாரியம்மனுக்குத் தெப்பம் விடுவதென்று பேசினார்கள். நான் பள்ளிவாசலுக்குப் போகிறவன், கோயில் காரியத்தில் மூக்கை நுழைப்பதில்லை. ஆனால் கூட்டம் போட்டுப் பேசியதெல்லாம் என் கடையில்தான். அவர்கள் ஊர் வழக்கப்படி அம்மனுக்கு முன்னால் வேறு படகு போகக்கூடாதாம். ஒரு ஆள் தலையில் பரிவட்டம் கட்டிக்கொண்டு, தெப்பக் கயிற்றின் நுனியோடு நீந்தி எதிர்க்கரைக்குப் போகவேண்டும். அங்கே இருப்பவர்கள் பிறகு பிடித்து இழுப்பார்கள். யார் போவது என்ற கேள்வியே எழவில்லை. மேஸ்திரி அய்யாசாமி வடிவேலுவின் தோளைத் தட்டி, "நம்ம ஆளு இருக்கான்ல" என்றார். எல்லோரும் ஆமாம் போட்டார்கள்.

மறுநாள் வடிவேலு கடைக்குள் வந்து பாய்லர் பக்கம் ஒண்டி நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

"பாய், எனக்கு நீச்சல் தெரியாது."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"அவ அப்பன் கடக்கரை ஆளு. நீச்சல் தெரியாதவனுக்குப் பொண்ணு தரமாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னாரு. மீனாட்டம் நீந்துவேன்னு சொல்லித்தான் கட்டினேன்."

"அடப்பாவி. அப்ப அந்தக் கயிறு?"

"விழுந்தா பிடிச்சு ஏறத்தான்."

"மேஸ்திரிகிட்ட உள்ளதைச் சொல்லித் தொலையேன்டா."

"தண்ணியில போனாலும் போவேன் பாய். பொய் சொல்லிக் கட்டினவன்னு தங்கமணி நினைச்சுடக்கூடாது. அவ காதுக்கு மட்டும் போயிடக்கூடாது."

மடையா, முட்டாளே என்று வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். அவன் மசியவில்லை. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் போனான்.

தெப்பத்தன்று பொழுது சாயும் நேரம். தாமுவேத் தமிழ் ஜனம் பூராவும் கரையில் நின்றது. தெப்பத்தில் விளக்கேற்றினார்கள், மேளம் முழங்கிற்று. பரிவட்டத்தோடு, தெப்பக் கயிற்றின் நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு வடிவேலு இறங்கினான். முழங்கால், இடுப்பு, மார்பு. அதற்கு மேல் அங்கே ஆழம். அப்படியே நின்றுவிட்டான். சாமி கும்பிடுகிறான் என்று ஜனங்கள் கையெடுத்தார்கள். நான் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். இன்னும் ஒரு அடி வைத்தால் ஆள் இல்லை.

எனக்கு முன்னால் தங்கமணி போய்க்கொண்டிருந்தாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு விறுவிறுவென்று தண்ணீரில் இறங்கி, அவன் இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்துத் தன் இடுப்பில் கட்டினாள். பிறகு கரைப் பக்கம் திரும்பினாள்.

"ஆத்தாளுக்கு நானே கயிறு கொண்டுபோறதா நேர்ந்திருக்கேன். அவரு விடமாட்டேன்னாரு. நேர்ந்தது நேர்ந்ததுதான்."

பொம்பளை போவதா என்று மேஸ்திரி இழுத்தார். நேர்த்திக்கடனைத் தடுக்க நாம் யார் என்று பூசாரி சொல்லிவிட்டார். அவள் நீந்தினாள். நானும் கடற்கரை ஊரில் பிறந்தவன்தான், அப்படி ஒரு நீச்சலை நான் பார்த்ததில்லை. அவள் எதிர்க்கரை சேர்ந்ததும் அங்கிருந்தவர்கள் கயிற்றை இழுக்க, தெப்பம் அசைந்து போயிற்று.

பிறகு இரண்டு பேரும் என் கடையில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அவன் தலை நிமிரவில்லை.

"நீ எப்பப் புள்ளே நேர்ந்துக்கிட்டே?"

"நீங்க தண்ணியில நின்னப்பத்தான். ஆத்தா கோவிச்சுக்கமாட்டா."

"அப்ப உனக்குத் தெரியுமா?"

"கட்டின புதுசுல ஊருக் குளத்துல குளிச்சீங்களே, மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் படிக்கட்டுல நின்னு. அன்னைக்கே தெரியும்." தேத்தண்ணீரை ஊதிக் குடித்தாள். "பின்னே என்ன, காத்து வாங்கவா அந்த மரத்தடியில வந்து உக்காருறேன்?"

அவன் குலுங்கி அழுதான். நான் அடுப்பைக் கிளறுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை வழக்கம்போல இரண்டு பேரும் வந்தார்கள். அவள் மரத்தடியில் அடுப்பு மூட்டினாள். வடிவேலு படகில் ஏறினான், கரையைப் பார்த்தான், கயிற்றைச் சுருட்டிப் படகின் மூலையில் போட்டுவிட்டுக் கொக்கியை எடுத்தான். அதைப் பார்த்து மற்ற ஆட்களும் தங்கள் கயிற்றை அவிழ்க்கப் போனார்கள்.

நான்தான் கடையிலிருந்து சத்தம் போட்டேன்: "டேய், உங்களுக்கெல்லாம் கரையில யாருடா உக்காந்திருக்கா? ஒழுங்கா கட்டுங்கடா."