ஒரு நடை மிச்சம்

பதுளையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் உற்பத்தியை மேற்பார்க்கும் வேலை. நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்காகத் தேய்ந்துகொண்டிருந்த எனக்கு அதை விட்டால் வேறு வழியில்லை. வரக்கூடிய கேள்விகளைத் தாளில் எழுதி அக்காவிடம் கொடுத்தேன். அவள் அதே தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். தோட்டத்தை நடத்தும் துரை மாதிரி கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

"ஒக்காருங்க தம்பி. வேலைய லேசாக்க நீங்க என்னா செஞ்சீங்க?"

மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். முன்பு மலையில் கொழுந்தை ஒரு நாளைக்கு மூன்று தரம் நிறுப்பார்கள். லொறியும் மூன்று நடை வரும். பத்து மணி நிறுவையை எடுத்துவிடலாம் என்று துரைக்கு எழுதிக் கொடுத்தேன். லொறிக்கு ஒரு நடை மிச்சம். பறிக்கும் நேரமும் கூடியது.

அக்கா காலைக் கீழே இறக்கினாள்.

"அத எடுத்தது நீயாடா? இத்தன வருஷமா நான் தொரையத்தான் ஏசிக்கிட்டிருக்கேன்."

பத்து மணி நிறுவை முடிந்த கையோடுதான் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுவரும் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவார்கள். அப்போது அக்காவின் மகளுக்கு நாலு மாதம். பகல் நிறுவை வரைக்கும் மார்பில் பால் கட்டி, சட்டை நனைந்து மலையில் நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். பால் கறை போகாத சட்டைகள் கொடியில் காய்ந்ததைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

"லொறிக்கு மட்டுமா? எங்களுக்குந்தான் ஒரு நட மிச்சம்" என்று சிரித்தாள். அதற்குப் பதில் அறைந்திருக்கலாம். "வேற ஏதும் இருந்தா சொல்லு தம்பி. இத அங்க போயிப் பெருமையா சொல்லாத."

"சரிக்கா."

வேறு எதுவும் என்னிடம் இல்லை. ஆபீசில் நான் செய்த ஒரே காரியம் அதுதான்.

பதுளையில் என்னைக் கேள்வி கேட்க மூன்று பேர் இருந்தார்கள். அதே கேள்வி வந்தது. அதே பதிலைத் தடுமாறாமல் சொன்னேன்.

"அதால தொழிலாளருக்கு ஏதும் கஷ்டம் வந்துச்சா?" என்றார் ஒருவர்.

"ஒருத்தரும் முறைப்பாடு செய்யலைங்க சேர்."

அது உண்மைதான். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். வேலையும் கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள். "அந்தக் கேள்வி கேட்டாங்களா?"

"கேக்கல."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லி எனக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனாள்.