சில மாதங்கள் என்று நான் சொன்ன நாலு வருடங்கள்

ஒரு பெண்ணுக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடத்தை நான் கெடுத்தேன். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. யாரும் எனக்கு எதுவும் தரவில்லை. என்னைப் பற்றி நானே கட்டிவைத்திருந்த ஒரு பொய் வெளியே வந்துவிடும் என்ற பயத்தில் செய்தேன்.

லண்டனில் பெயர்பெற்ற ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். புதிய மருந்துகளைச் சோதிக்கும் எங்கள் பிரிவில் ஆண்டுதோறும் இளம் மருத்துவர் ஒருவருக்கு ஃபெலோஷிப் என்ற மேற்பயிற்சி இடம் உண்டு. அது கிடைத்தவர் பிறகு வேலை தேடி அலைய வேண்டியதில்லை. விண்ணப்பங்கள் குவியும். தேர்வாகிறவர்கள் பெரும்பாலும் பெரிய போதனா மருத்துவமனைகளில் பயிற்சி பெற்றவர்கள். அப்படி விதி எதுவும் இல்லை. ஆனால் விண்ணப்பத்தைக் கையில் எடுத்தவுடன் எங்கள் கண் போவது எங்கே பயிற்சி பெற்றார் என்ற வரிக்குத்தான். அங்கே பெரிய பெயர் இருந்தால் மற்ற வரிகளில் நிறை தேடுவோம். சின்னப் பெயர் இருந்தால் குறை தேடுவோம். நானும் அப்படித்தான் வாசித்தேன்.

இதைப் பற்றி முணுமுணுப்பு எழுந்ததால், அந்த ஆண்டு முதற்கட்டத்தில் பெயரையும் மருத்துவமனையையும் மறைத்துவிட்டு மதிப்பெண் போட்டோம். முதலாவதாக வந்த விண்ணப்பத்துக்குரியவள் நேர்முகத்துக்கு உள்ளே வந்தபோது எனக்கு அடையாளம் தெரிந்தது. தோர்ண்டன் ஹீத் தேவாலயத்தில் எங்கள் தமிழ்ப் பூசைக்கு வரும் குடும்பத்துப் பிள்ளை. லண்டனின் தெற்கு ஓரத்தில் இருக்கும் ஒரு சிறிய மருத்துவமனையில் பயிற்சி பெற்றவள். ஒரே கோவில், குடும்பத்தைத் தெரியும் என்று தேர்வுக் குழுவிடம் உடனே சொன்னேன். தலைவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

எத்தனை நோயாளிகளைப் புதிய மருந்து ட்ரயலில் சேர்த்திருக்கிறீர்கள் என்று அவர் அவளிடம் கேட்டார்.

"ஒருவரையும் இல்லை. எங்கள் மருத்துவமனையில் ட்ரயல் கிடையாது. பொருத்தமானவர்களை உங்களிடம் அனுப்புகிறோம். மருந்து கேட்காவிட்டால் நீங்கள் அவர்களை எங்களிடம் திருப்பி அனுப்புகிறீர்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். இந்த அறையில் வேறு யாருக்கும் தெரியுமோ என்னவோ."

ஒருவர் இருமினார். தலைவர் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். அவளும், பெரிய இடமொன்றிலிருந்து வந்த ஒரு இளைஞனும். தலைவர் என் பக்கம் திரும்பினார். "ஆரம்பத்தில் நீங்களும் அவர் இருக்கும் அந்தச் சின்ன இடத்தில் இருந்ததாக யாரோ சொன்னார்கள், இல்லையா? அங்கே பயிற்சி எப்படி?"

அங்கே நான் நாலு வருடம் இருந்தேன். மன்னாரிலிருந்து பட்டத்தோடு வந்தவனை வேறு எந்த மருத்துவமனையும் கூப்பிடவில்லை, அது கூப்பிட்டது. ஊசி ஏற நரம்பு கிடைக்காத கையில் எங்கே தடவிப் பார்ப்பது, இனி மருந்தில்லை என்பதை மனைவியிடம் முதலில் சொல்வதா நோயாளியிடம் சொல்வதா, எல்லாம் அங்கே கற்றவை. அங்கிருந்து நேரே இந்தப் பெரிய இடத்துக்கு வந்தேன், ஆறு மாதத் தற்காலிக வேலைக்கு. பிறகு இங்கேயே தங்கிவிட்டேன். அதற்கப்புறம் என்னைப் பற்றிய எந்த அறிமுகமும் அந்த ஆறு மாதத்திலிருந்துதான் தொடங்கும். மாநாட்டு மேடையில் வாசிக்கிறவர்களுக்கும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்காமலே மறைத்துப் பழகிவிட்டேன்.

"சில மாதங்கள்தான் இருந்தேன்," என்றேன். "நல்ல மனிதர்கள். ஆனால் ஆள் பற்றாக்குறை. வேலை வாங்குவார்கள், பயிற்சி இருக்காது. அங்கிருந்து நேரே இங்கே வந்தால் பாவம், தடுமாறுவாள்."

அவளுடைய சமூகத்தவனே சொல்கிறான் என்றால் அதில் ஓரவஞ்சனை இருக்க முடியாது என்று எல்லோரும் நினைத்தார்கள். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

சில வாரம் கழித்து, பூசை முடிந்து மண்டபத்தில் நின்றபோது அவளுடைய தாய் வந்தார். முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறவர்.

"டொக்டர், பிள்ளைக்குக் கிடைக்கேல்லை. ஆனா நீங்கள் உள்ளுக்கை இருந்தனீங்கள் எண்டு சொன்னவள். எங்களுக்காகக் கதைச்சிருப்பியள், அது காணும்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன, மெலிஞ்சு போனியள்? அக்கா போன பிறகு அடுப்பே மூட்டுறேல்லையோ?" அக்கா என்றது இறந்துபோன என் மனைவியை. ஈயத்தாளில் சுற்றிய, தான் பொரித்த ரோல்ஸை என் கையில் திணித்தார்.

வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஓய்வுபெற்ற பிறகு அவள் அந்த அறையில் சொன்னது என்னைப் பிடித்துக்கொண்டது. திருப்பி அனுப்புகிறீர்கள். நான் திருப்பி அனுப்பியவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கத் தொடங்கினேன். கட்டிலில் ஏறுமுன் சப்பாத்தைக் கழற்றிச் சோடியாக வைக்கும் ஒரு பெண். என் பெயரைச் சரியாக உச்சரிக்க மெனக்கெட்ட ஒரு பஸ் ஓட்டுநர். 'உள்ளூர் மருத்துவமனையில் பராமரிப்புத் தொடரட்டும்' என்று நான் கையெழுத்துப் போட்டதுவரை அவர்களைத் தெரிகிறது. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. குரொய்டன் ரயிலில் எதிரே இருக்கும் முகங்களில் அவர்களுடைய சாடை தெரியும். நான் எழுந்து வேறு இருக்கைக்குப் போவேன். அங்கேயும் ஒருவர் இருப்பார்.

செய்த பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சுவாமியாருக்கு முதலில் விளங்கவில்லை.

"ஆரும் காசு தந்தவையோ?"

"இல்லை, ஃபாதர்."

"எடுபட்ட பெடியன் மொக்கனோ?"

"இல்லை, கெட்டிக்காரன்தான்."

"அப்ப என்ன பாவம் செய்தனீங்கள்?"

"பொய் சொன்னனான்."

"அந்தப் பிள்ளையைப் பற்றியோ?"

"என்னைப் பற்றி. அது அவளிலை போய் விழுந்தது."

"இஞ்சை வந்து சொல்லுறது லேசு. அவளிட்டைப் போங்கோ."

முதலில் தலைவருக்கு எழுதினேன். நான் அங்கே இருந்தது நாலு வருடம், பயிற்சி பற்றிச் சொன்னது பொய், அவளை மீண்டும் அழையுங்கள் என்றேன். மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. முடிவை மாற்ற முடியாது, அடுத்த சுற்றுக்கு அவர் விண்ணப்பிக்கலாம், நீங்கள் உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள்.

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். அவளுடைய மருத்துவமனை கன்டீனில் எதிரெதிரே இருந்தோம். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோப்பையைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

"எந்த வார்ட், அங்கிள்?"

சொன்னேன்.

"நான் இப்ப அங்கைதான் நிக்கிறன்." பிறகு, "நான் இன்டர்வியூவில வாய்காட்டினதாலதான் போச்சுதெண்டு நினைச்சன். ஒரு வருஷமா என்னையே ஏசிக்கொண்டிருந்தன்."

"அடுத்த முறை போடு, பிள்ளை. நான் எழுதியிருக்கிறன். அவை உன்னை..."

"போடமாட்டன். இப்ப போனா நீங்கள் சொல்லி எடுத்த ஆளெண்டுதான் நான் அங்கை நிப்பன். அப்பவும் உங்கட வாயாலை, இப்பவும் உங்கட வாயாலை. வேண்டாம்." எழுந்தாள். "அம்மாவுக்கு நீங்களே சொல்லுங்கோ. என்னாலை ஏலாது. அவ உங்களுக்காகச் செபம் சொல்லுறவ."

அடுத்த ஞாயிறு சொன்னேன். மண்டபத்தில் மேசைகளை மடித்துச் சுவரோரம் சாத்திக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்லக் கையைத் துணியில் துடைத்தபடி கேட்டார்.

"எத்தினை வருஷம் அங்கை வேலை செய்தனீங்கள்?"

"நாலு."

"உங்களுக்கு அந்த இடம் தெரியாது, அதாலை நீங்கள் கதைச்சும் எடுபடேல்லையாக்கும் எண்டுதான் நான் நினைச்சிருந்தன்," என்றார். குரல் உயரவில்லை. "தெரிஞ்சிருக்கு."

மிச்சமிருந்த மேசையை அவர் தூக்கப் போனார். மறுமுனையை நான் பிடித்தேன். விடுங்கோ என்று சொல்லவில்லை. இருவருமாகக் கொண்டுபோய்ச் சாத்தினோம். பிறகு கோட்டை எடுத்து மாட்டினார். எங்கள் ஆட்கள் எவ்வளவு மனத்தாங்கலிலும் 'போட்டு வாறன்' என்று ஒரு வார்த்தை சொல்லாமல் புறப்படுவதில்லை. அவர் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டினார். நான் காத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் சொல்லாமல் வெளியே நடந்துவிட்டார்.