முதலில் கரண்டியை எடுப்பது யார்

கார்களுக்குத் தகடு வளைத்து பிராக்கெட் செய்யும் ஒரு சின்னப் பட்டறை, கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில். அங்கே நான் தரக் கட்டுப்பாடு. அதாவது, மற்றவர்கள் செய்ததில் குறை சொல்லிச் சம்பளம் வாங்குபவன். கொரியாக்காரர்கள் கூட்டமாக வந்து இறங்கிய வருடங்கள் அவை. அப்படி வந்த ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர் எங்கள் பிராக்கெட்டை எடுத்துக்கொண்டால் பிழைப்போம். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் செகண்ட் ஷிப்டை மூடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். மூடிவிட்டால் குறை சொல்லவும் ஆள் வேண்டாம்.

சென்னை சாலையில் புதிதாகத் திறந்திருந்த பிரெஞ்சு-கொரிய உணவகத்தில் மதிய விருந்து என்று முதலாளிதான் ஏற்பாடு செய்தார்.

"கொரியா அவனுக்கு, பிரெஞ்சு நம்ம கெத்துக்கு. நீங்க நாலு புஸ்தகம் படிச்சவரு, கூட வாங்க சார்."

படித்த புத்தகம் எதிலும் வாத்துக்கறி மேல் மிளகாய் விழுது பூசியிருக்கவில்லை. விருந்தென்று காலையில் நாஷ்டாவையும் விட்டிருந்தேன்.

மேனேஜர் முப்பது தாண்டாத, மெலிந்த மனிதர். உட்காருவதற்கு முன்பே எங்கள் வயதைக் கேட்டார். முதலாளிக்கு நாற்பது, எனக்கு ஐம்பதை ஒட்டி. உடனே என்னைச் சுவரோர நாற்காலிக்கு நகர்த்தி உட்கார வைத்தார். இன்டர்வியூவில் வயதைக் கேட்டு வெளியே அனுப்புவார்கள்; இங்கே உள்ளே தள்ளுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாடு வந்தது. பாலாடைக்கட்டி உருகி மிதக்கும் வெங்காய சூப்பில் புளித்த முட்டைக்கோஸ். நீள ரொட்டி. வாத்து. பக்கத்தில் கிண்ணம் கிண்ணமாகத் தொடுகறிகள். யாரும் கை வைக்கவில்லை.

விருந்தாளி தொடுமுன் நாம் தொடக்கூடாது என்பது எங்கள் வளர்ப்பு. முதலாளி கையைக் காட்டி, "ப்ளீஸ் சார், ப்ளீஸ்" என்றார். மேனேஜர் தலைகுனிந்து, கையை என் பக்கம் காட்டினார். நான் அதை அப்படியே அவருக்குத் திருப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் மூவரும் பஸ்ஸுக்கு வழிகாட்டும் டிராபிக் போலீஸாக இருந்தோம்.

சூப்பின் மேல் ஆடை படிந்தது. வேறு வேலையில்லாமல் சாப்பிடும் இரும்புக் குச்சியை எடுத்து விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். இல்லை. மேனேஜர் சட்டென்று நிமிர்ந்தார். நான் குச்சியைக் கீழே வைத்ததும் மறுபடி குனிந்துகொண்டார்.

முதலாளி என் காதருகே வந்தார். "இன்னா சார், மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீறான்? மேஜ மேல வெச்ச நம்ம பிராக்கெட்டு புடிக்கலியா?"

"சாப்பாடே புடிக்கலியோ என்னவோ."

"ஐயோ, பேஜாரா பூடும் போலகீதே!"

அதற்குமேல் என் வயிறு எந்தக் கலாசாரத்தையும் மதிக்கவில்லை. கரண்டியை எடுத்து ஆறிய சூப்பை வாயில் விட்டேன். முதலாளி என் காலில் உதைத்தார்.

"கெஸ்ட்டு தொடவே இல்ல, உனுக்கு இன்னா அவசரம்யா?" 'சார்' போய் 'யா' வந்திருந்தது. வேலையும் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் மேனேஜர் பெருமூச்சு விட்டுக் கரண்டியை எடுத்தார். நாலே வாயில் சூப் காலி. வாத்தைக் கிழித்துக்கொண்டே, தங்கள் ஊரில் சுவரோர இடம் மூத்தவருக்கு, மேஜையில் அவர் எடுக்காமல் மற்றவர்கள் எடுக்கக்கூடாது, தனக்கும் காலையிலிருந்து பசி என்று ஆங்கிலத்தில் சொன்னார். கூச்சத்துடன் இன்னொன்றையும் கேட்டார்: பெரியவர் சாப்பிடாமல் இருந்தது தங்கள் கம்பெனி மீது ஏதாவது கோபத்தாலா?

இல்லவே இல்லை என்று மூன்று விதமாகச் சொன்னேன். முதலாளி அதையே சிரிப்பாகச் சொன்னார்.

வயிறு நிறைந்த பிறகுதான் மேஜை மேலிருந்த எங்கள் பிராக்கெட்டைக் கையில் எடுத்தார். திருப்பினார், வெளிச்சத்தில் பார்த்தார், மூலையை நகத்தால் சுரண்டினார். முதலில் ஒரு சின்ன லாட் அனுப்புங்கள், சோதித்துவிட்டு மேற்கொண்டு பேசலாம் என்றார்.

முதலாளி வாசலுக்கு ஓடிப்போய் சூப்பர்வைசருக்குப் போன் அடித்தார். கண்ணாடிக் கதவு தாண்டியும் கேட்டது: "செகண்டு ஷிப்டு பசங்ககிட்ட மூடுறத பத்தி இன்னும் ஒண்ணியும் சொல்லாத. வேற வேலை தேடிகினு பூடப் போறானுங்க!"

சோதனையில் தேறினால்தானே என்று எனக்குள் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டேன். கை அடுத்த கிண்ணத்துக்குப் போனது. இந்தத் தடவை யாரும் உதைக்கவில்லை.