அலமாரியில் தம்பியின் போத்தல்

போன வருடம், எங்கள் மண்டூர்ப் பக்கம் மாரி மழை பிடிக்கிற நேரம், நான் ஜப்பானில் ஒசாகா நகரத்தில் நின்றேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அங்கே பழைய வாகனங்களைப் பிரிக்கும் இடமொன்றில் வேலை செய்த என் தம்பி, ஒரு நாள் காலையில் படுக்கையை விட்டு எழும்பவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். உடலை ஊருக்கு அனுப்புவது நடக்காது என்றாகி, அங்கேயே எரித்துவிட்டார்கள். சாம்பலைக் கொண்டுவரத்தான் போனேன்.

புறப்படும்போது அம்மா அழவில்லை. "அவன் அங்க தனிச்சுத்தான் கிடந்தானோ தெரியா. இருந்த இடமெல்லாம் பாத்துத்து வா புள்ள" என்று மட்டும் சொன்னா.

பார்த்தேன். அவனுடைய அறையில் ஒரு பாய் விரிக்கத்தான் இடம். வேலைத்தலத்தில் எல்லோரும் குனிந்து மரியாதை செய்தார்கள், நல்ல வேலைக்காரன் என்றார்கள். அவன் எதற்குச் சிரிப்பான், எதற்குக் கோபிப்பான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவிடம் என்னத்தைச் சொல்வது என்று யோசித்தபடி இருந்தேன்.

அவனோடு வேலை செய்த ஏறாவூர்ப் பையன் ஒருவன்தான் எனக்குத் துணை. "வேலை முடிஞ்சா ஒரு சின்ன பாருக்குப் போவான் அக்கா. நான் அங்கயெல்லாம் போறல்ல, அதால ஆக்களத் தெரியா" என்றான். அந்த பார் எதுவென்று எனக்குத் தெரியும். தம்பி முன்பு ஒரு படம் அனுப்பியிருந்தான். பந்துபோல ஊதிக் காய்ந்த, நஞ்சுள்ள பேத்தை மீனின் வயிற்றுக்குள் விளக்கு எரிகிறது, கீழே அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். "நம்மட வாவியில வலையில பட்டா ஏசிப்போட்டு எறியிற சாமான, இங்க விளக்காக்கித் தொங்க விட்டிரிக்கானுகள்" என்று குரல் பதிவும் வந்தது.

ஆனால் அந்தக் குட்டி பார்களில் முன்பின் தெரியாதவர்களை லேசில் உள்ளே எடுக்கமாட்டார்களாம். வெளிநாட்டுக்காரரைக் கூட்டமாகச் சேர்த்து, மாலையில் ஒவ்வொரு பாராக அழைத்துப்போகிற வழிகாட்டிகள் இருக்கிறார்கள். அப்படியொன்றின் விளம்பரத்தில் அதே பேத்தை விளக்கைக் கண்டுபிடித்து, ஏறாவூர்ப் பையன் எனக்கு இடம் பதிந்துவிட்டான். பெட்டியை அறையில் தனியே விட எனக்கு மனமில்லை. கேட்காமலே அவனுக்கு அது விளங்கியது.

"நீங்க வரும் மட்டும் நான் பக்கத்துல இரிக்கன் அக்கா" என்றான்.

சாராய வாடைக்கே மூக்கைப் பொத்துகிற ஆள் நான். குடிக்கிற கூட்டத்தோடு ஒசாகாத் தெருவில் பார் பாராக ஏறி இறங்கினேன். மண்டூரில் தெரிந்திருந்தால் கோயில் வாசலில் கதை நாறியிருக்கும். எல்லோரும் கூத்தும் சிரிப்புமாக இருந்தார்கள். நான் தோடம்பழச் சாற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் அன்பாக வந்து, விடுமுறைக்கு வந்தாயா என்று கேட்டாள். ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது?

மூன்றாவது பாரில் பேத்தை விளக்கு தொங்கியது. எட்டுப் பேர் இருந்தால் முழங்கால் இடிக்கும், அவ்வளவுதான் இடம். நடத்துகிறவள் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பின்னால் அலமாரி நிறையப் போத்தல்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு அட்டை. வாடிக்கைக்காரர் ஒரு போத்தலை வாங்கித் தன் பெயரை எழுதி வைத்துவிட்டுப் போனால், அடுத்த முறை வரும்வரை அது அவருக்காகக் காத்திருக்கும் என்று வழிகாட்டிப் பெண் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினாள்.

ஜப்பானிய எழுத்துகளுக்கு நடுவில் தமிழ் தெரிந்தது. தம்பியின் பெயர். சரிந்து விழுகிற அவனுடைய அதே கோழிக்கிறுக்கல். போத்தலில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

கைபேசியில் அவனுடைய படத்தைக் காட்டி, நான் இவனுடைய அக்கா என்றேன். பாரை நடத்துகிறவளின் முகம் மலர்ந்துவிட்டது. "போயித்து வாறன்" என்றாள், எங்கள் ஊர்த் தமிழில். ஒவ்வொரு நாளும் எழும்பிப் போகும்போது அவன் அப்படித்தான் சொல்வானாம். அந்த விளக்கைக் கழற்றி எறி என்று வந்த நாள் முதல் அவளோடு சண்டையாம். மற்ற வாடிக்கைக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்று சிரிப்பார்களாம். இதையெல்லாம் வழிகாட்டி வழியாகச் சொல்லிவிட்டு, கொஞ்ச நாளாகக் காணவில்லையே, சுகமாக இருக்கிறாரா என்று கேட்டாள்.

ஊரில் இந்தச் செய்தியை நான் யாருக்கும் சொல்ல வேண்டி வரவில்லை. எனக்கு முன்னே அது எல்லா வீட்டுக்கும் போயிருந்தது. இப்போது முதன்முறையாக என் வாயால் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். வேறு சொல் வந்தது.

"அம்மாவிடம் போகிறான். நாளைக்கு நான் கூட்டிப் போகிறேன்."

வழிகாட்டி அதை மொழிபெயர்த்தாள். நடத்துகிற பெண் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். போத்தலை எடுத்துத் தூசி துடைத்து, அலமாரியின் முன்வரிசையில் வைத்தாள். சில மாதம் வராதவர்களின் போத்தலை அகற்றிவிடுவோம், இவருடையதை எடுக்கமாட்டேன், வந்து முடிக்கட்டும் என்றாள். நான் தலையை ஆட்டினேன். வெளியே வந்து, தெருவோரம் நின்று வாய்விட்டு அழுதேன். அவன் செத்த நாளில்கூட நான் அப்படி அழவில்லை.

ஊருக்கு வந்து சாம்பலை வாவியில் கரைத்தோம். போத்தல் கதையை அம்மாவிடம் சொல்லவில்லை.

"தனிச்சுக் கிடக்கல்ல அம்மா. பேத்தை மீனுக்கு அவனோட சண்டை பிடிக்க அங்க ஒரு பொம்பிள இருந்தவ" என்றேன். "பேத்தைக்கா?" என்று கேட்டு அம்மா சிரித்தா, சிரித்தபடியே அழத் தொடங்கினா.

அந்தப் பெண்ணிடம் பொய் சொன்னது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் எங்கள் எல்லோருக்கும் செத்துப்போன என் தம்பி, ஒசாகாவில் அந்த ஒரு அலமாரிக்கு மட்டும் இன்னும் வரப்போகிறவனாக இருக்கிறான், அதை என் வாயால் இல்லாமல் ஆக்க எனக்கு மனம் வரவில்லை.