றஞ்சித்தின் சிவப்புப் பைகள்

பதினொரு மணிக்குத் தன் உடுப்புக்கடைக் கதவை அரைவாசி இறக்கிவிட்டு, நௌபர் இன்றும் புது மாலுக்கு வந்துவிட்டார். வாங்குவதற்கு அல்ல, வயிறு எரிவதற்கு. நகரும் படிக்குக் கீழே தூணோரம் நின்று, இறங்கி வருகிறவர்களின் கைகளைப் பார்ப்பார். சிவப்புப் பை என்றால், அது மேல்மாடியில் இருக்கும் றஞ்சித்தின் உடுப்புக்கடைப் பை. "இந்தா, இன்னொண்டு போகுது! சனத்துக்குக் கண் அவிஞ்சு போச்சோ?"

இந்த றஞ்சித் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் பழைய கடைத்தொகுதியில் பத்து வருடம் நௌபருக்கு அடுத்த கடைக்காரனாக இருந்துவிட்டு இங்கே மாறிவந்தவன். நௌபர், இடம்பெயர்ந்து போயிருந்த புத்தளத்திலிருந்து திரும்பிவந்து கடை போட்ட காலத்தில், நத்தார் மாதமான டிசெம்பர் பிறந்தால் அந்தத் தொகுதியின் மாடிப்படியில் கால் வைக்க இடமிராது. நீர்வேலிச் சனம் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறும். இப்போது மாடியில் ஒன்பது கடை பூட்டு. கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைப்பதும் நௌபர்தான்.

"அவன்ரை துணி ரெண்டு தோய்ச்சலுக்குத் தாங்காது, பாருங்கோ" என்று காண்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். ஒருமுறை ஆள் விட்டு றஞ்சித்தின் சட்டையொன்றை வாங்கி, தானே தோய்த்தும் பார்த்தார். பாழாய்ப்போன சாயம் போகவில்லை.

பழைய வாடிக்கையாளரில் மிச்சமிருந்தது பொன்மலர் ரீச்சர். பதினாறு வருடமாக நௌபரின் நத்தார் வியாபாரத்தை முதல் உடுப்பு வாங்கித் தொடக்கிவைப்பவர் அவர். அந்தக் கைராசியில் நௌபருக்கு அப்படியொரு நம்பிக்கை. இந்த முறை டிசெம்பர் எட்டாந் திகதியாகியும் ஆளைக் காணவில்லை.

கண்டார், இங்கேதான். நகரும் படிக்கு முன்னால் ரீச்சர் ஒரு காலைத் தூக்குகிறார், பயந்து பின்வாங்குகிறார், மறுபடி தூக்குகிறார். பேசாமல் நின்றால் போதும், ரீச்சர் திரும்பித் தன்னிடம்தான் வருவார். தூணோடு ஒட்டிக்கொண்டார்.

"ஆர், நௌபர் தம்பியோ? நல்ல காலம்! உந்தப் படியைக் கண்டாலே கால் உதறுது. ஒருக்காக் கையைத் தாரும், ராசா."

"மேலை என்ன அலுவல், ரீச்சர்?"

"றஞ்சித்திட்டை மருமகளுக்கு ஒரு சட்டை பாக்கவேணும். நல்ல சாமானாம். உம்மட்டைப் பிறகு வாறன்."

நௌபர் கையைக் கொடுத்தார். இரண்டு பேரும் ஏறினார்கள். மேலே றஞ்சித், கடை வாசலுக்கே வந்து, பல்லெல்லாம் தெரிய "வாங்கோ ரீச்சர்" என்றான்.

"காணும் தம்பி, இனிக் கையை விடும்" என்றார் ரீச்சர்.

"ஓம், ரீச்சர்" என்றார் நௌபர். கையை விடவில்லை.