திறப்பு அவர் பையில்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியில், கைபேசி அன்டனாவைப் பராமரிக்கும் தொழில்நுட்பவியலாளரைக் கண்டேன். நெஞ்சில் கதிர்வீச்சு அளக்கும் சிறு கருவி. நிமிடத்துக்கொருமுறை தாடையைத் தாழ்த்தி அதைப் பார்ப்பார். கைபேசி அன்டனாவுக்கு முன்னால் ஒரு பெயின்டர் சுவருக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்.

என் கைபேசியில் சிக்னல் இல்லை. அம்மாவின் ஸ்கேன் முடிவைச் சொல்ல வைத்தியசாலையிலிருந்து அழைக்கும் நேரம் அது. நாலு மாடி ஏறி ஓடி வந்திருந்தேன்.

"சிக்னல் எப்ப வரும் தம்பி?" என்று அவரிடம் கேட்டேன்.

"பெயின்ட் அடிக்கிற ஆள் விலகினாப் பிறகு போடுவன் அக்கா. நான்தான் நிப்பாட்டினனான்."

"கொஞ்ச நேரம்தானே, போட்டா என்ன?"

"நெருப்பெண்டா சுட்டவுடன கையை எடுப்பம். இந்த அன்டனாக் கதிர் சுடுறது உடன தெரியாது."

கீழே ரயில் இரைந்து போனது. நான் அங்குமிங்கும் நடந்தேன். ஒருவழியாகப் பெயின்டர் வாளியைத் தூக்கினார். இவர் அன்டனாப் பெட்டியின் பூட்டைத் திறக்கப் பையிலிருந்து திறப்பை எடுத்தார். அப்போது பெயின்டர் திரும்பினார். மூலையில் உள்ளங்கையளவு சுவர் விடுபட்டிருந்தது.

திறப்பு மறுபடி பைக்குள் போனது. அவர் என்னைப் பார்த்தார்.

"பூசட்டும்" என்றேன்.

அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று பிறகு சொன்னார்கள். இன்றும் சிக்னல் போனால் எரிச்சல்தான் வருகிறது. கூடவே, எந்தக் கூரையில், யாருக்காக அவர் திறப்பைப் பைக்குள் வைத்திருக்கிறாரோ என்றும் தோன்றுகிறது.